வீட்டுக்குள் வைத்த கறிவேப்பிலையின் இலை நுனி மஞ்சளாவது ஏன்: கனடாக் குளிர்காலத்தில் காரணத்தைக் கண்டறியும் முறை

கோடை முழுவதும் பின்முற்றத்தில் செழித்து நின்ற கறிவேப்பிலையை வீட்டுக்குள் கொண்டுவந்து இரண்டு மூன்று மாதங்கள் ஆனதும், சிற்றிலைகளின் நுனி மஞ்சளாகி, பிறகு பழுப்பாகிக் கருகி, கடைசியில் ஈர்க்கு ஈர்க்காகக் கொட்டத் தொடங்குவதை ரொறன்ரோவிலும் அதைச் சுற்றியுள்ள நகரங்களிலும் வாழும் தமிழர் பலர் ஆண்டுதோறும் பார்க்கிறார்கள். அதைக் கண்டதும் பெரும்பாலானோர் செய்கின்ற முதல் வேலை பசளை இடுவதுதான். நானும் அதையே செய்து, ஏழு ஆண்டுகள் வளர்த்த ஒரு செடியை ஒரே தை மாதத்தில் இழந்திருக்கிறேன். அந்தச் செடிக்குப் பசி இருக்கவில்லை. அதன் வேர் குளிரிலும் ஈரத்திலும் கிடந்து வேலை செய்ய முடியாமல் இருந்தது. நான் ஊற்றிய பசளையின் உப்பு அந்த வேரை முற்றாக முடித்துவிட்டது. சாடியைக் கவிழ்த்துப் பார்த்தபோதுதான் அது எனக்குத் தெரிந்தது. ஆகவே மஞ்சள் கண்டவுடன் எதையும் ஊற்றாமல், எதையும் தெளிக்காமல், முதலில் பார்க்க வேண்டியவற்றை வரிசையாகப் பார்ப்பது எப்படி என்பதை இங்கே எழுதுகிறேன்.

கறிவேப்பிலை எலுமிச்சையும் தோடையும் சேர்ந்த குடும்பத்தைச் சார்ந்த செடி. இந்திய உபகண்டத்தின் வெப்பத்தில் பிறந்த அதற்குப் பனிக்காலம் என்பது பழக்கமில்லாத ஒன்று. யாழ்ப்பாணத்தில் மார்கழி மாதத்தின் மிகக் குறுகிய பகல்கூடப் பதினொன்றரை மணி நேரத்துக்குக் குறைவதில்லை. ரொறன்ரோவில் அதே நாளின் பகல் ஒன்பது மணி நேரத்தைத் தொடுவதில்லை, அந்த வெளிச்சமும் முகில் மூடி, யன்னல் கண்ணாடியைத் தாண்டித்தான் செடிக்கு வந்து சேர வேண்டும். இந்த நிலையில் செடி வளர்ச்சியை ஏறக்குறைய நிறுத்திக்கொண்டு, தன்னால் தாங்க முடியாத பழைய இலைகளைக் கைவிடுகிறது. எனவே உள்ளே கொண்டுவந்த முதல் நான்கு ஐந்து வாரங்களில் அடிப்பகுதியில் உள்ள சில ஈர்க்குகள் முழுவதும் ஒரே சீராக மஞ்சளாகி உதிர்ந்தால், அதை நோயாகக் கருத வேண்டியதில்லை. நுனியில் மட்டும் தொடங்கும் மஞ்சளும், நரம்புகள் பச்சையாக நிற்க இடைவெளி மட்டும் வெளுக்கும் மஞ்சளும், குத்துக் குத்தாகத் தோன்றும் மஞ்சளும் வேறு. அவை ஒவ்வொன்றும் ஒவ்வொரு காரணத்தைச் சொல்கின்றன.

மஞ்சள் எந்த இலையில் தொடங்கியது?

பகல் வெளிச்சத்தில் செடியின் முன் அமர்ந்து முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான். ஊதா கலந்த செயற்கை ஒளியில் பச்சையும் மஞ்சளும் சரியாகத் தெரிவதில்லை. அந்த விளக்கை அணைத்துவிட்டுப் பாருங்கள்.

நைதரசன், பொற்றாசியம், மக்னீசியம் ஆகியவற்றைச் செடி தன் உடலுக்குள் இடம் மாற்றிக்கொள்ளக்கூடியது. இவற்றில் ஒன்று போதாமல் போனால், முதிர்ந்த இலையில் இருப்பதை உருவி இளங்குருத்துக்கு அனுப்பிவிடும். குறை முதலில் கீழ் இலைகளில் தெரியும். நைதரசன் குறைந்தால் கீழ் இலை முழுவதும் வெளிறும். மக்னீசியம் குறைந்தால் கீழ் இலையின் நரம்புகளுக்கு இடைப்பட்ட பகுதி மஞ்சளாகும். பொற்றாசியம் குறைந்தால் கீழ் இலையின் நுனியும் விளிம்பும் மஞ்சளாகிக் கருகும். இரும்பு, மங்கனீசு, நாகம் (துத்தநாகம்), கல்சியம் ஆகியவை அப்படியல்ல. ஒருமுறை ஓர் இலையில் சேர்ந்துவிட்டால் அவை அங்கேயே தங்கிவிடுவதால், புதிய வரவு நின்றவுடன் குறை இளங்குருத்தில்தான் தெரியும். மேலே புதிதாக வந்த சிற்றிலைகள் எலுமிச்சை மஞ்சளாகவும் அவற்றின் நரம்புகள் மட்டும் மெல்லிய பச்சை வலை போலவும் இருந்தால், அநேகமாக அது இரும்பின் குறை.

மூன்றாவதாக ஒன்றையும் கவனிக்க வேண்டும். மஞ்சள் செடியின் எல்லாப் பக்கத்திலும் இருக்கிறதா, ஒரு பக்கத்தில் மட்டும் இருக்கிறதா? சத்துக் குறைபாடு பக்கம் பார்ப்பதில்லை. யன்னல் பக்கம் மட்டும், அல்லது அறைப் பக்கம் மட்டும் நுனிகள் காய்ந்திருந்தால், காரணம் சாடிக்கு வெளியே இருக்கிறது. கனடாவின் பல வீடுகளில் சூடான காற்றை ஊதும் துவாரத்தை யன்னலுக்கு நேர் கீழே, தரையில் அமைத்திருப்பார்கள். வெளிச்சத்துக்காக நாம் சாடியை வைக்கும் இடமும் அதுவே. ஒரு பக்கம் உறைந்த கண்ணாடியின் குளிரும், மறுபக்கம் உலர்ந்த சூட்டுக் காற்றும் படும்போது, எவ்வளவு தண்ணீர் ஊற்றினாலும் அந்தப் பக்கத்துச் சிற்றிலைகளின் நுனிக்கு ஈரம் போய்ச் சேராது. குளிர்காலத்தில் சூடேற்றிய வீட்டின் காற்று ஈரப்பதன் முப்பது சதவீதத்துக்கும் கீழே இறங்குவது சாதாரணம். துவாரத்தின் மேல் காற்றைத் திசைதிருப்பும் பிளாஸ்ரிக் மறைப்பு ஒன்றைப் பொருத்தி, சாடியைக் கண்ணாடியிலிருந்து ஒரு முழம் தள்ளி வைத்தாலே பல செடிகள் தேறிவிடும். இலைகளின் மேல் நீர் தெளிப்பதைப் பலர் பரிந்துரைக்கிறார்கள். தெளித்த ஈரம் சில நிமிடங்களில் உலர்ந்துவிடுவதால் அதில் எனக்கு நம்பிக்கை இல்லை. பல செடிகளை நெருக்கி வைப்பதும், ஈரப்பதமூட்டும் கருவியைப் பக்கத்தில் இயக்குவதும் உண்மையான பலன் தருகின்றன.

வேரைப் பாருங்கள்

இலையில் தெரிகின்ற மஞ்சளில் பெரும்பகுதி வேரிலிருந்து வருகிறது என்பது என் அனுபவம். குளிர்காலக் கறிவேப்பிலையை அதிகம் கொல்வது அக்கறையோடு ஊற்றப்படும் தண்ணீர்தான். கோடையில் நாள்தோறும் ஊற்றிப் பழகிய கை, செடி குடிப்பதை நிறுத்திய பிறகும் ஊற்றுவதை நிறுத்துவதில்லை. மண்ணில் காற்று இல்லாமல் போனால் வேர் மூச்சு முட்டி அழுகும். அழுகிய வேரால் தண்ணீரையும் சத்தையும் இழுக்க முடியாது. தண்ணீருக்குள் நின்றுகொண்டே செடி தாகத்தாலும் பசியாலும் வாடும். அதனால்தான் அதிகத் தண்ணீரின் அடையாளமும் குறைந்த தண்ணீரின் அடையாளமும் இலையில் ஒன்று போலத் தோன்றி நம்மை ஏமாற்றுகின்றன.

இரண்டையும் பிரித்தறிய இலையைத் தொட்டுப் பார்க்கலாம். தண்ணீர் போதாத செடியின் நுனி மொறுமொறுப்பாக, நொறுங்கும்படி காய்ந்திருக்கும். சாடியைத் தூக்கினால் இலேசாக இருக்கும். மண் சாடியின் ஓரத்தை விட்டு விலகியிருக்கும். தண்ணீர் மிகுந்த செடியின் இலை மென்மையாகத் தொங்கி, மஞ்சள் நுனியிலிருந்து உள்நோக்கிப் பரவும். சாடி கனமாக இருக்கும். மண்ணிலிருந்து சிறிய கரிய ஈக்கள் கிளம்பும். விரலை இரண்டு கணு ஆழத்துக்கு மண்ணுள் விட்டு, அங்கே ஈரம் தட்டுப்பட்டால் அன்றைக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டாம். எத்தனை நாளுக்கு ஒருமுறை ஊற்ற வேண்டும் என்று கேட்பவர்களுக்கு நான் நாள் கணக்குச் சொல்வதில்லை. ஊற்றிய உடனே சாடியைத் தூக்கி அதன் பாரத்தைக் கைக்குப் பழக்கிக்கொள்ளுங்கள் என்றுதான் சொல்கிறேன். அந்தப் பாரம் பாதிக்கு மேல் குறைந்த பிறகு ஊற்றினால் போதும்.

சந்தேகம் தீராவிட்டால், செடியின் அடித்தண்டைப் பிடித்துக்கொண்டு சாடியைச் சாய்த்து, மண்ணை உருண்டையாக வெளியே எடுத்துப் பார்ப்பதே நேரான வழி. நல்ல வேர் வெள்ளையாகவோ வெளிர்பழுப்பாகவோ உறுதியாக இருக்கும். அழுகிய வேர் கரும்பழுப்பாக, விரலுக்குள் நசுங்கி, தோல் கழன்று, புளித்த நாற்றம் அடிக்கும். அழுகல் கண்டால், அந்தப் பகுதிகளைச் சுத்தமான கத்தரிக்கோலால் வெட்டி, மிஞ்சிய வேரின் அளவுக்கே பொருந்தும் சிறிய சாடியில், நீர் நன்றாக வடியும் புதிய கலவையில் நட வேண்டும். தோட்டத்து மண்ணைச் சாடியில் நிரப்புவது இந்தச் சிக்கலுக்கு ஒரு முக்கியக் காரணம். அது சாடிக்குள் இறுகிக் களியாகிவிடும். பீற் (மட்கிய பாசி) கலவையோடு நான்கில் ஒரு பங்கு பேர்லைற் என்னும் இலேசான வெண்ணிறப் பொரிகல் சேர்த்தது எனக்கு நன்றாக வேலை செய்திருக்கிறது. வேர் நன்றாக இருக்கும் செடியைக் குளிர்காலத்தில் சாடி மாற்ற வேண்டாம்; பங்குனி வரை பொறுத்திருங்கள்.

மண்ணின் ஈரம் சரியாக இருந்தும் இலை வெளிறினால், மண்ணின் குளிரைச் சோதியுங்கள். பத்துப் பாகை செல்சியஸ் அளவில் கறிவேப்பிலையின் வேர் ஏறக்குறைய உறங்கிவிடும். அறையின் வெப்பம் இருபது பாகையாக இருக்கலாம். ஆனால் நிலக்கீழ் அறையின் சிமெந்துத் தரையில் நேரடியாக வைத்த சாடிக்குள் நிலைமை வேறு. சமையலறை வெப்பமானி ஒன்றை மண்ணுள் செருகிப் பார்த்தால் ஒரு நிமிடத்தில் உண்மை தெரிந்துவிடும். சாடியின் கீழே ஒரு மரப்பலகையையோ தடித்த நுரைத்தகட்டையோ வைப்பதும், குழாயின் குளிர்நீரை நேரே ஊற்றாமல் அறை வெப்பத்துக்கு வந்த நீரை ஊற்றுவதும் இதற்குப் போதுமான மருந்து.

உப்பும் சுண்ணாம்பும்

வேர் நலமாக இருந்து, செடியின் எல்லாப் பக்கத்திலும் முதிர்ந்த சிற்றிலைகளின் நுனி மட்டும் மஞ்சளாகி, அதற்கு அப்பால் தெளிவான ஒரு கோட்டோடு பழுப்பு நிறம் தொடங்கினால், மண்ணில் உப்புச் சேர்ந்திருப்பதாக ஐயுறலாம். இலைக்குள் வரும் நீர் கடைசியாகப் போய்ச் சேருமிடம் நுனி. நீர் ஆவியாகிப் போக, அது சுமந்து வந்த உப்பு அங்கேயே தங்கி அந்தத் திசுவைச் சுடுகிறது. மண்ணின் மேற்பரப்பிலும் சாடியின் விளிம்பிலும் வெள்ளைப் படிவு இருக்கிறதா என்று பாருங்கள். சாடித் தட்டில் வடிந்த நீரைக் கொட்டாமல் விட்டு, அதையே செடி மறுபடி உறிஞ்சும்படி வைப்பவர்கள் வீட்டில் இதை அதிகம் காணலாம்.

இதற்குத் தீர்வு கழுவுவது. சாடியைக் குளியல் தொட்டிக்குள் வைத்து, சாடியின் கொள்ளளவைப் போல இரண்டு மூன்று மடங்கு வெதுவெதுப்பான நீரை, பத்துப் பத்து நிமிட இடைவெளி விட்டு மெதுவாக ஊற்றுங்கள். பத்து லீற்றர் சாடிக்கு இருபது முதல் முப்பது லீற்றர் வரை தேவைப்படும். பிறகு ஒரு மணி நேரம் வடியவிட்டு, நல்ல வெளிச்சத்திலும் காற்றோட்டத்திலும் வைத்து, மண் மறுபடி காயும் வரை ஒரு சொட்டும் ஊற்றாதீர்கள். அழுகல் தொடங்கிய வேருக்கு இந்த வைத்தியம் கேடு செய்யும் என்பதால்தான் வேரை முதலில் பார்க்கச் சொன்னேன்.

ரொறன்ரோ நகரின் குழாய் நீர் ஒன்ராறியோ ஏரியிலிருந்து வருவது. அது மிதமான கடினநீர். லீற்றருக்கு ஏறத்தாழ 120 மில்லிகிராம் சுண்ணாம்புக்கல்லுக்குச் சமமான அளவு அதில் கரைந்திருக்கிறது. வாரம் ஒரு லீற்றர் வீதம் ஆறு மாதம் ஊற்றினால், அந்தக் கணக்கில் மூன்று கிராம் அளவு சாடிக்குள் போய்ச் சேர்கிறது. சிறிய சாடியில் இது ஆண்டுகளாகத் தொடர்ந்தால் மண் காரத்தன்மைக்கு நகரும். கறிவேப்பிலைக்கு உவப்பானது இலேசான அமிலத்தன்மை, அதாவது ஏழை நடுநிலையாகவும் அதற்குக் கீழே அமிலமாகவும் மேலே காரமாகவும் கொள்ளும் பிஎச் அளவில் ஆறுக்கும் ஆறரைக்கும் இடைப்பட்டது. ஏழைத் தாண்டினால், மண்ணில் இரும்பு இருந்தாலும் வேரால் அதைக் கரைத்து எடுக்க முடியாது. குருத்து மஞ்சளாக, நரம்பு பச்சையாக இருக்கும் செடிகளில் பலவற்றுக்கு உள்ள நோய் இதுவே. துருப்பிடித்த ஆணியைச் சாடிக்குள் புதைப்பது நம்மவரிடையே பழைய வழக்கம். கார மண்ணில் அந்தத் துரு கரையாமல் அப்படியே கிடக்கும். கொடுக்கிணைப்பு இரும்பு (chelated iron), அதாவது வேர் எடுக்கும்படி கரைந்தே இருக்க வேறொரு சேர்மத்தோடு பிணைத்த இரும்பு என்று விற்கப்படுவதை வாங்கும்போதும், பிணைத்த சேர்மத்தின் வகையைப் பார்க்க வேண்டும். ஈ.டி.ரி.ஏ. வகை பிஎச் ஆறரைக்கு மேல் பயனிழக்கும், டி.ரி.பி.ஏ. வகை ஏழு வரை தாங்கும், ஈ.டி.டி.எச்.ஏ. வகை அதற்கு மேலும் வேலை செய்யும். பொதியில் எழுதிய அளவில் பாதியைக் கொடுத்து, அடுத்து வரும் குருத்தின் நிறத்தைப் பாருங்கள்.

தண்ணீரை ஓரிரவு திறந்து வைத்தால் குளோரீன் போய்விடும் என்று பலர் நம்பி, நாள்தோறும் வாளியில் பிடித்து வைக்கிறார்கள். ரொறன்ரோ நீரில் கலக்கப்படுவது குளோரீனும் அமோனியாவும் சேர்ந்த குளோராமீன். அது ஓரிரவில் ஆவியாகிப் போவதில்லை. அதே நேரத்தில், குடிநீரில் உள்ள அளவு சாடிச் செடியை மஞ்சளாக்கும் அளவும் அல்ல. ஆகவே பிடித்து வைப்பதால் கிடைக்கும் உண்மையான நன்மை நீர் அறை வெப்பத்துக்கு வருவது மட்டுமே. இதைவிட மிகவும் முக்கியமானது, கிச்சினர், வாட்டர்லூ போன்று நிலத்தடிக் கடினநீர் வரும் ஊர்களில் உள்ளவர்கள், நீரை மென்மையாக்கும் கருவியைத் தாண்டி வரும் நீரைச் செடிக்கு ஊற்றக் கூடாது என்பது. அக்கருவி கல்சியத்தை எடுத்துவிட்டுச் சோடியத்தைக் கொடுக்கிறது; சோடியம் நுனியைக் கருக்கும். பின்முற்றத்தில் விழுந்த சுத்தமான பனியை அள்ளி உருக்கி, அறை வெப்பத்துக்கு வரவிட்டு ஊற்றுவது நல்ல வழி. தெருவோரத்துப் பனியில் வீதிக்குப் போடும் உப்பு கலந்திருக்கும் என்பதால் அதைத் தொடவே வேண்டாம்.

புளித்த மோர் ஊற்றும் வழக்கத்தைப் பற்றியும் கேட்பார்கள். ஊரில் கிணற்றடியில் நிலத்தில் நின்ற மரத்துக்கு அம்மா ஊற்றியது சரி. மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் அதைச் சிதைத்துக் கொஞ்சம் நைதரசனும் கொஞ்சம் அமிலமும் கொடுக்கும். மூடிய அறையில், உறங்கும் வேரோடு, சாடிக்குள் அடங்கிய மண்ணில் அதே மோர் நாறி, ஈயை அழைத்து, பூஞ்சணம் பூக்கச் செய்யும். அதில் உப்புப் போட்டிருந்தால் கேடு இரட்டிப்பு. செடி வெளியே போன பிறகு, உப்பில்லாத மோரை நன்றாகத் தண்ணீர் சேர்த்து ஊற்றுங்கள்.

குத்துக் குத்தாக மஞ்சள்

நுனியில் தொடங்காமல், இலை முழுவதும் ஊசியால் குத்தியது போன்ற வெளிர்மஞ்சள் புள்ளிகள் தெரிந்து, தூசி படிந்தது போல் மங்கினால், அது சிலந்திச் சிற்றுண்ணி. சூடான உலர்ந்த அறை அதற்குச் சொர்க்கம். ஒரு வெள்ளைக் கடதாசியை ஈர்க்கின் கீழே பிடித்து, ஈர்க்கைத் தட்டுங்கள். விழுந்த துகள்களில் சில நகர்ந்தால் ஐயம் தீர்ந்தது. இலையில் பிசுபிசுப்பும், தண்டில் நகத்தால் சுரண்டினால் பெயரும் பழுப்புக் கொப்புளங்களும் இருந்தால் அவை செதில் பூச்சிகள். இரண்டுக்கும் செடியைக் குளியலறைக்குக் கொண்டுபோய், இலையின் அடிப்பக்கத்தில் வெதுவெதுப்பான நீரை வேகமாகப் பீய்ச்சிக் கழுவ வேண்டும். பிறகு உணவுச் செடிகளுக்கு ஏற்றது என்று சிட்டையில் எழுதப்பட்ட பூச்சிகொல்லிச் சவர்க்காரக் கரைசலைத் தெளித்து, வாரம் ஒருமுறை வீதம் மூன்று நான்கு தடவை தொடர வேண்டும். ஒரே தடவையோடு நிறுத்தினால் முட்டைகள் பொரித்து மறுபடி தொடங்கும். பூச்செடிகளுக்கென்று விற்கப்படும், செடியின் உடலெங்கும் பரவும் மருந்துகளைத் தயவுசெய்து பயன்படுத்தாதீர்கள். நாம் இந்த இலையைச் சமைத்து உண்கிறோம், குழந்தைகளுக்கும் கொடுக்கிறோம்.

ஒளி குறைவாக இருப்பதே காரணமாகத் தோன்றினால், ஒரு முழு நிறமாலை எல்.ஈ.டி. விளக்கை உச்சிக்கு ஓரடி உயரத்தில் தொங்கவிட்டு, நாளுக்குப் பன்னிரண்டு முதல் பதினான்கு மணி நேரம் எரியவிடலாம். விளக்குக்கு மிக அருகில் உள்ள இலைகள் மட்டும் வெளுத்தால் உயர்த்திவிடுங்கள்.

இத்தனையும் பார்த்து முடித்து, வேர் நலம், உப்பு இல்லை, பூச்சி இல்லை, வெளிச்சம் போதும், புதுக் குருத்தும் வந்துகொண்டிருக்கிறது, ஆனாலும் கீழ் இலைகள் வெளிறுகின்றன என்ற நிலையில்தான் பசளைக்கு முறை வரும். நரம்பிடை மஞ்சளாக இருந்தால் எப்சம் உப்பு (மக்னீசியம் சல்பேற்று), நான்கு லீற்றர் நீருக்கு ஒரு தேக்கரண்டி, ஒரே தடவை. இலை முழுவதும் வெளிறினால் சமநிலைத் திரவப் பசளை, சொல்லப்பட்ட அளவில் கால்பங்கு. விளக்கு இல்லாமல் யன்னலோரத்தில் உறங்கும் செடிக்குக் கார்த்திகை முதல் மாசி வரை எதுவும் வேண்டாம். ஒரு நேரத்தில் ஒரு மாற்றத்தை மட்டும் செய்து, இரண்டு வாரம் பொறுத்திருங்கள். மூன்றை ஒன்றாகச் செய்தால் எது உதவியது என்பதை ஒருபோதும் அறிய முடியாது.

கருகிய நுனி மறுபடி பச்சையாகாது. அதைப் பார்த்து வைத்தியம் பலிக்கவில்லை என்று எண்ண வேண்டாம். புதிதாக வரும் ஈர்க்கின் நிறமே தீர்ப்பு. எல்லா இலையும் கொட்டி மொட்டையாக நிற்கும் செடியையும் உடனே எறியாதீர்கள். தண்டின் பட்டையை நகத்தால் மெல்லச் சுரண்டுங்கள். உள்ளே பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது, தண்ணீரை மிகவும் குறைத்துச் சூடான வெளிச்சமான இடத்தில் வைத்தால் பங்குனி சித்திரையில் தளிர் விடும். வைகாசி இறுதியில், இரவு வெப்பம் பத்துப் பாகைக்குக் கீழே போகாது என்று உறுதியானதும், முதல் வாரம் நிழலிலும் அடுத்த வாரம் காலை வெயிலிலும் வைத்துப் படிப்படியாக வெளியே பழக்குங்கள். குறைந்தது நான்கு புதிய ஈர்க்குகள் முற்றும் வரை, தாளிதத்துக்குக் கடையில் வாங்கியதையே போடுங்கள்.